பலகை, ஊசியிலை, கூம்பு: பெயர் தெரியாத ஊசியிலை மரத்தை அடையாளம் காணும் முறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளையும் பேலட்டுகளையும் பிரித்து, பழைய மரக்கடைகளில் பலகையாக அடுக்கி விற்கிறார்கள். என்ன மரம் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ‘பைன் வுட்’. அந்த அடுக்கில் பைன் இருக்கும், ஸ்ப்ரூஸ் இருக்கும், ஹெம்லாக் இருக்கும். ஊசியிலை மரமே அல்லாத ரப்பர் கட்டையும் மலைவேம்பும்கூட நடுவில் கலந்திருக்கும்.

எது எது என்று தெரிந்துகொள்வதில் பலன் உண்டு. பிசின் மிகுந்த பைன் பலகையில் நேரடியாக பெயின்ட் அடித்தால், கணு இருக்கிற இடத்தில் சில மாதங்களில் மஞ்சளாகக் கசிந்து நிற்கும். பரணுக்குச் சட்டம் போடுகிறவருக்கு ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ எடையுள்ள மரமும் 600 கிலோ மரமும் ஒன்றல்ல. ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ஒரு கூம்பைக் கையில் கொண்டுவந்தவருக்கோ அதன் பெயர் தெரிந்தாலே போதும், மனசு நிறைந்துவிடும்.

சென்னையில் நமக்குப் பெரும்பாலும் மரம் கிடைப்பதில்லை, பலகைதான் கிடைக்கிறது. அதனால் பலகையிலிருந்து தொடங்குவோம். இலையும் கூம்பும் கையில் உள்ளவர்கள் நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். அது இன்னும் எளிது.

மென்மரம் என்ற பெயர் ஏமாற்றும்

மென்மரம் என்றால் மிருதுவான மரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முருங்கைக் கிளை கையால் ஒடித்தாலே ஒடிந்துவிடும். ஆனாலும் பூ பூத்துக் காய்க்கிற மரமாதலால் அது வன்மர வகையில் சேரும். பூக்காமல் கூம்பு விடுகிற மரங்கள்தான் மென்மரங்கள். இவற்றின் கட்டைக்குள் தண்ணீர் ஏறுவதற்குத் தனிக் குழாய்கள் கிடையாது. நெல்மணியை இழுத்து நீட்டியதுபோல் இருக்கும் நீண்ட நுண்ணிழைகளே தண்ணீரை ஏற்றும் வேலையையும் மரத்தைத் தாங்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. அடையாளம் காணும் வேலை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

மரக்கடைப் பெயர்களையும் நம்பி இறங்க வேண்டாம். ‘ரெட் சிடார்’ என்று இங்கே விற்கப்படுவது பெரும்பாலும் சந்தனவேம்பு. ‘ஒயிட் சிடார்’ என்றால் வெள்ளை அகில். இரண்டும் வன்மரங்கள். ‘ஓரிகான் பைன்’ பைனே அல்ல, அது டக்ளஸ் ஃபர். தேவதாரு என்ற பெயரிலோ இரட்டைக் குழப்பம்: இமயமலையில் வளரும் உண்மையான சிடார் ஒன்று, நம் ஊர்க் குத்துக்காட்டில் வளரும் தேவதாரம் என்ற சிறுமரம் இன்னொன்று. பின்னது ஊசியிலை மரமல்ல.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, புதிய சவர பிளேடுகள் நாலைந்து, நுண்பல் ரம்பம், கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, அளவுகோல், ஒரு கிண்ணம் தண்ணீர். லென்ஸுக்குப் பதில் இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று வாங்கத் தோன்றும், வேண்டாம். பெருக்கம் கூடக்கூடத் தெரியும் பரப்பு சுருங்கிவிடும், வெளிச்சமும் குறையும். பழகாத கைக்குப் பத்து மடங்கே சரி.

தலைப்பக்கத்தைச் சீவுதல்

புதிதாக இறங்குகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பலகையின் அகலப் பக்கத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல்வார்கள். அந்தப் பக்கத்தில் நிறமும் ரேகையும் மட்டுமே தெரியும். அவை வெயிலாலும் வயதாலும் மாறக்கூடியவை. மரத்தின் உள்கட்டமைப்பு தெரிவது பலகையின் தலைப்பக்கத்தில், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில்.

முதலில் தலைப்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுங்கள். வெளி நுனியில் மண், சாயம், எண்ணெய் எல்லாம் ஏறியிருக்கும். பேலட் பலகையானால் ஆணி முறிந்து உள்ளே நிற்கும். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு அறுத்த முகத்தில் தண்ணீர் தொட்டு இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பிளேடை மிகச் சாய்வாகப் பிடித்து, ஒரே இழுப்பில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். அழுத்த வேண்டாம், இழுத்தால் போதும். வெட்டு சரியாக விழுந்தால் அந்த இடம் ஈரப் பளபளப்போடு கண்ணாடிபோல் தெரியும். வெளுத்து, சொரசொரப்பாக இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. நுண்ணிழைகள் வெட்டுப்படாமல் நசுங்கிக் கிடக்கின்றன. அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிளேடை மாற்றுங்கள். பைனில் ஒரு பிளேடு ஏழெட்டுச் சீவலுக்கு வரும், பிறகு மழுங்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சுலபமாயிற்றே என்று தோன்றும். தேய்த்தால் வருகிற தூள் துளைகளுக்குள் அடைத்துக்கொள்ளும். துளையுள்ள வன்மரம்கூடத் துளையில்லாததுபோல் தெரிந்து, முதல் படியிலேயே தவறான பக்கம் திரும்பிவிடுவீர்கள். சீவுவதே நல்லது.

இப்போது லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடியுங்கள். மரத்தை லென்ஸை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாகும். மேலே இருந்து விளக்கு வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்ந்தால் மேடு பள்ளம் துலங்கும்.

துளை இருக்கிறதா?

முதல் கேள்வி இதுதான். ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகள் முகம் முழுக்கப் பரவியிருந்தாலோ, வளையத்தின் ஓரம் வரிசையாக நின்றாலோ அது வன்மரம். ரப்பர் மரத்திலும் மலைவேம்பிலும் துளைகள் நன்றாகத் தெரியும். பேக்கிங் பெட்டிகளில் இவை இரண்டும் அடிக்கடி வரும். வெளிர் நிறம் பார்த்து ஏமாற வேண்டாம். பாப்ளர் போன்ற மரங்களில் துளை மிக நுண்ணியது. அதனால் சந்தேகமிருந்தால் இன்னொரு இடத்தில் புதிதாகச் சீவிப் பாருங்கள்.

மென்மரத்தில் துளை இராது. நெருக்கமாகப் பின்னிய துணிபோல், மரத்தின் மையத்தை நோக்கி ஓடும் நேர்வரிசைகளில், ஒரே மாதிரியான நுண்ணிய அறைகள் தெரியும். அவற்றின் குறுக்கே ஆண்டு வளையங்கள் வெளிறியும் கருத்தும் மாறி மாறி வரும். குளிர் தேசத்தில் வசந்தத்தில் வேகமாக வளர்ந்த பகுதி வெளிறியது. கோடையின் இறுதியில் மெல்ல வளர்ந்து சுவர் தடித்த பகுதி கருத்தது. நம் ஊரில் அப்படி ஒரு குளிர் இல்லாததால் இங்கு வளரும் பல மரங்களில் வளையம் மங்கலாகத்தான் இருக்கும். பலகையில் வளையம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்து, துளையும் இல்லையென்றால், அது கப்பலில் வந்த மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிசின் குழாய்

துளை இல்லை என்று உறுதியானதும் கருத்த பகுதியை ஒட்டித் தேடுங்கள். ஆங்காங்கே தனித்தனியாக, வெள்ளையாகவோ பழுப்பாகவோ சின்னப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை பிசின் ஓடும் குழாய்களின் வாய். மரக்கடையில் காணக்கூடிய மென்மரங்களில் நான்கு கூட்டங்களில்தான் இவை இயல்பாக இருக்கும்: பைன், ஸ்ப்ரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபர். உண்மையான ஃபர், ஹெம்லாக், தேவதாரு, சைப்ரஸ், தூஜா, அரக்கேரியா எதிலும் இயல்பாக இராது.

புள்ளிகள் பெரிதாக, லென்ஸ் இல்லாமலே தெரிகிற அளவில், தனித்தனியாக, எல்லா வளையத்திலும் நிறைய இருந்தால் அது பைன். பலகையின் நீளப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் லேசாகக் கீறியதுபோல் பழுப்பு நிறச் சிறு கோடுகள் ஓடும். அவை அதே குழாய்கள்தான், நீளவாக்கில் தெரிகின்றன. புள்ளிகள் மிகச் சிறியதாக, எண்ணிக்கையில் குறைவாக, இரண்டு மூன்றாகச் சேர்ந்து நின்றால் மற்ற மூன்றில் ஒன்று.

இங்கே ஒரு பொறி உண்டு. மரத்தில் காயம் பட்டால், இயல்பாகக் குழாய் இல்லாத ஹெம்லாக்கிலும் ஃபரிலும் தேவதாருவிலும்கூட அந்த வருடம் மட்டும் குழாய்கள் முளைக்கும். அவை சிதறி நிற்காமல், வளையத்தோடு வளையமாக ஒரே கோட்டில், தையல் போட்டதுபோல் வரிசையாக நிற்கும். ஒரு வளையத்தில் மட்டும் அப்படி வரிசை தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். குறைந்தது பத்து வளையங்களாவது பார்த்த பிறகே ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

வளையம், நிறம், வாசனை, எடை

வெளிறிய பகுதியிலிருந்து கருத்த பகுதிக்கு மாறும் விதத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் சதர்ன் யெல்லோ பைனிலும் டக்ளஸ் ஃபரிலும் லார்ச்சிலும் கத்தியால் வெட்டினாற்போல் சட்டென்று மாறும். வெளிறிய பட்டையில் நகம் பதியும், பக்கத்திலேயே கருத்த பட்டையில் பதியாது. ஸ்ப்ரூஸில் மாற்றம் படிப்படியாக நிகழும். நியூசிலாந்திலிருந்து வரும் ரேடியேட்டா பைனிலும் மாற்றம் ஓரளவு மெதுவானதுதான். ஆனால் வளையம் மிக அகலமாக, சில இடங்களில் ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். தோட்டமாக வளர்த்து முப்பது வருடத்துக்குள் வெட்டப்படும் மரம் அது. வட ஐரோப்பாவின் குளிரில் வளர்ந்த ஸ்ப்ரூஸில் வளையங்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நெருங்கி நிற்கும்.

நிறத்தைப் புதிதாக இழைத்த முகத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். ஸ்ப்ரூஸில் வைரமும் (உள்கட்டை) வெள்ளையும் (வெளிக்கட்டை) ஒரே பால்நிறம், இழைத்தால் பட்டுபோல் மினுங்கும். பைனில் வைரம் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பிரிந்து தெரியும். டக்ளஸ் ஃபரின் வைரம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. மேற்கு அமெரிக்க சிடார், அதாவது தூஜா, நல்ல செம்பழுப்பு. அதன் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது, மூக்கை மூடிக்கொண்டு அறுங்கள். பலகையில் சாம்பல் நீலத் திட்டுகள் இருந்தால் அது மரத்தின் நிறமல்ல, பூஞ்சைக் கறை. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் திறந்த கொட்டகையில் கிடந்த பைனின் வெள்ளைப் பகுதியில் இது சாதாரணம். பச்சை ஓடிய பலகை பூச்சிமருந்து ஏற்றியதாக இருக்கலாம். அதில் நிறம் பார்க்கவும் வேண்டாம், அடுப்பில் வைக்கவும் வேண்டாம்.

வாசனைக்குப் பழைய முகம் உதவாது. புதிதாக இழைத்த சுருளை ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பைன் டர்பன்டைன் வாசம் அடிக்கும். பெயின்ட் வேலை நடந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஸ்ப்ரூஸ் உலர்ந்தால் ஏறக்குறைய வாசமில்லை, ஹெம்லாக்கும் அப்படியே. தேவதாருவின் வாசம் ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது. பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் தேவதாருக் கட்டை என்று கேட்டு ஒரு துண்டு வாங்கி, சீவி, முகர்ந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் துண்டு கையில் இருப்பதுபோல் நல்ல ஆசான் கிடையாது. சீவியதில் துளை தெரிந்தால், கடையில் வேறு மரத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

எடைக்கு எளிய கணக்கு ஒன்று. 10 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2 தடிமன் என்று கணுவில்லாத துண்டு ஒன்றை அறுத்துக்கொள்ளுங்கள். கன அளவு சரியாக 100 கன சென்டிமீட்டர். தராசில் வரும் கிராமைப் பத்தால் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்; 48 கிராம் என்றால் 480 கிலோ. மேற்கு அமெரிக்க சிடார் சுமார் 370, ஸ்ப்ரூஸ் 400 முதல் 450, ஹெம்லாக் 470 பக்கம், ரேடியேட்டாவும் டக்ளஸ் ஃபரும் 500 பக்கம், ஐரோப்பிய ஸ்காட்ஸ் பைன் 550 பக்கம், சதர்ன் யெல்லோ பைன் 570 முதல் 650 வரை. ஈர மரத்தை எடைபோட்டால் கணக்கு எகிறிவிடும். துண்டை மின்விசிறிக்குக் கீழே வைத்து, மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டிய பிறகே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்துக்குள்ளும் எடை ஐந்தில் ஒரு பங்கு வரை மாறுவது சகஜம். அதனால் எடையைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

பேலட்டில் உள்ள முத்திரை

நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளுக்குப் பூச்சி நீக்கம் செய்ய வேண்டும் என்ற சர்வதேச விதி 2002இல் வந்தது. அதன்படி கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு சூட்டு முத்திரையோ மை முத்திரையோ பலகையில் இருக்கும். பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, நிறுவன எண், செய்த முறை. ‘எச்.டி.’ என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அந்தப் பலகையை வீட்டு வேலைக்கு எடுக்காமலிருப்பதே நல்லது.

அந்த நாட்டெழுத்து அருமையான தடயம், ஆனால் அளவோடு நம்ப வேண்டும். அது சொல்வது மரத்தைப் பதப்படுத்திய நாட்டை. மரம் வளர்ந்தது வேறு நாடாகவும் இருக்கலாம். உதாரணமாக, நியூசிலாந்து முத்திரை, பெரிய தனித்தனிப் பிசின் புள்ளிகள், 12 மில்லிமீட்டர் வளையம், நூறு கன சென்டிமீட்டருக்கு 49 கிராம்: நான்கும் ஒன்றாக வந்தால் ரேடியேட்டா பைன் என்று தைரியமாக எழுதலாம். முத்திரை அறுபட்டுப் போயிருந்தால் அதே பலகைக்குப் ‘பைன், வேகமாக வளர்ந்தது’ என்று எழுதி நிறுத்த வேண்டும். வட அமெரிக்கப் பலகைகளில் ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் மூன்றையும் கலந்து ஒரே தரக் குறியில் விற்பார்கள். அங்கே ஒவ்வொரு பலகையையும் தனியாகச் சீவித்தான் பார்க்க வேண்டும்.

இலை: முதலில் சவுக்கை ஒதுக்குங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் யாரும் சவுக்குத் தோப்பைப் பார்த்து ஊசியிலை மரம் என்றுதான் நினைப்பார்கள். ஊசிபோல் தொங்குகிறது, கீழே கூம்புபோல் காய் கிடக்கிறது. ஆனால் சவுக்கு வன்மரம். ஓர் ‘ஊசி’யைப் பிடுங்கி இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். டப்பென்று ஒரு கணுவில் கழன்று வரும். கழன்ற வாயை லென்ஸில் பாருங்கள்: கிரீடம் வைத்ததுபோல் ஏழு எட்டுப் பல் சுற்றி நிற்கும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலை. நாம் ஊசி என்று நினைத்தது பச்சை நிறக் கிளை. பைன் ஊசி இப்படிக் கணுவில் கழலாது, அதில் கணுவே கிடையாது. காயிலும் வேறுபாடு தெரியும். சவுக்குக் காயில் சின்னச் சின்ன அலகுகள் திறந்ததுபோல் ஜோடி ஜோடியாக வாய்கள் இருக்கும். கூம்பில் செதில்கள் சுருளாக அடுக்கியிருக்கும்.

சென்னை வீடுகளில் உண்மையாகவே கிடைக்கும் ஊசியிலை மரங்கள் கொஞ்சம்தான். டிசம்பரில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று நர்சரிகளில் விற்பது அரக்கேரியா. கிளைகள் தட்டுத் தட்டாக, முதிர்ந்த இலைகள் உள்நோக்கி வளைந்த செதில்களாகக் கயிறு முறுக்கியதுபோல் இருக்கும். அதில் குக் பைன் என்ற இனம் உலகெங்கும் பூமத்திய ரேகையின் பக்கம் சாய்ந்தே வளர்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் அப்படியென்றால் தெற்குப் பக்கம். ரேகையை விட்டுத் தள்ளிப்போகப் போகச் சாய்வு கூடுகிறது என்பதால் இங்கே சாய்வு லேசாகத்தான் இருக்கும்.

வீட்டு வாசலில் விசிறிபோல் செங்குத்தாக நிற்கும் தட்டை இலைக்கொத்து உள்ள செடி தூஜா. அதன் கூம்பு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில், இளசாக இருக்கும்போது நீலச் சாம்பல் பூத்து, ஒவ்வொரு செதிலிலும் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

மலையிலிருந்து வந்த கிளையானால் முதல் வேலை இலை எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அடியில் ஓர் உறைக்குள் இரண்டு, மூன்று, அல்லது ஐந்து ஊசிகள் கட்டாக இருந்தால் பைன். பத்துக் கட்டாவது எண்ணுங்கள், ஒன்றிரண்டில் எண்ணிக்கை மாறும். ஊசி உடைந்து கட்டில் எத்தனை இருந்தது என்று தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. மீதமுள்ள ஊசியைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள். கட்டிலுள்ள ஊசிகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு முழு உருளை வரும். எனவே வெட்டு முகம் அரைவட்டமாக இருந்தால் இரண்டு, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குத் துண்டாக இருந்தால் மூன்று, இன்னும் குறுகிய துண்டாக இருந்தால் ஐந்து.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டுவளர்த்த பைன்களில் அதிகம் காணப்படுவது பைனஸ் பட்டுலா. கட்டுக்கு மூன்று, அபூர்வமாக நாலு, 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளம், கூந்தல்போல் தொங்கும். ரேடியேட்டாவும் மூன்றுதான், ஆனால் 15 சென்டிமீட்டருக்குள், தொங்காது, பளிச்சென்ற பச்சை. வடக்கே இமயமலைக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவருவதில் மூன்று ஊசியும் 20 முதல் 30 சென்டிமீட்டரும் என்றால் சீர் பைன், ஐந்து ஊசி என்றால் நீலப் பைன்.

கட்டாக இல்லாமல் ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தால் ஊசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். நாலு பட்டையாக இருந்து உருண்டால் ஸ்ப்ரூஸ். பிடுங்கிய இடத்தில் கிளை ஆணி அடித்ததுபோல் முள் முள்ளாக இருக்கும். தட்டையாக இருந்து உருளாமல், பிடுங்கிய இடம் வழவழப்பான வட்ட வடுவாக இருந்தால் ஃபர். குட்டையான முனைகளில் இருபது முப்பது ஊசி ரோஜாப்பூபோல் விரிந்தால் தேவதாரு. லார்ச்சும் அப்படித்தான் விரியும். ஆனால் லார்ச் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், அதன் ஊசி மிக மெல்லியது. ஊசியே இல்லாமல் செதில் செதிலாகக் கிளையை மூடியிருந்தால் சைப்ரஸ் பக்கம் போங்கள்.

தென்னிந்தியாவில் தானாக வளரும் ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான், நாகியா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் வளர்கிறது. அதற்கோ அகன்ற இலை, நடு நரம்பே இல்லாமல் இணை கோடுகளாக ஓடும் நரம்புகள். இலையைப் பார்த்து யாரும் பைனின் உறவு என்று சொல்லமாட்டார்கள்.

கூம்பு

கூம்பை அளக்குமுன் உலர்த்துங்கள். ஈரத்தில் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஊட்டியில் விரிந்திருந்த கூம்பு இங்கே பாதி மூடிக்கொள்வதும் உண்டு. ஒரு நாள் வெயிலில் வைத்து விரிந்த அகலத்தையும், இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மூடிய அகலத்தையும் இரண்டையுமே குறியுங்கள். எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத அளவால் பயனில்லை.

மரத்தடியில் முழுக் கூம்பு கிடந்தால் அது ஃபரும் அல்ல, தேவதாருவும் அல்ல. இரண்டிலும் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், முதிர்ந்ததும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஸ்ப்ரூஸ் கூம்பு தொங்கும், முழுசாக விழும், செதில் காகிதம்போல் மெல்லியது. செதில்களுக்கு நடுவே மூன்று முனை உள்ள நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் டக்ளஸ் ஃபர். வேறு எதனோடும் குழம்பாத அடையாளம் இது. பைன் செதில் கட்டைபோல் தடித்திருக்கும், நுனியில் மேடு கட்டியிருக்கும்.

பட்டுலாவின் கூம்பு 5 முதல் 10 சென்டிமீட்டர், நுனி கூராகி லேசாக வளைந்து, காம்பில்லாமல் கிளையோடு கொத்தாக ஒட்டி வருடக்கணக்கில் நிற்கும். ரேடியேட்டாவின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் புடைத்துக் கோணலாக இருக்கும். பிசினால் ஒட்டி மூடியிருப்பதால் சாதாரண வெயிலில் திறக்காமலும் போகலாம். சீர் பைன் கூம்பு கனமானது, 12 முதல் 24 சென்டிமீட்டர், செதில் நுனிகள் பின்னோக்கி மடிந்திருக்கும். நீலப் பைனின் கூம்பு வாழைக்காய்போல் நீண்டு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரும். சைப்ரஸ் கூம்பு கோலிக்குண்டுபோல் உருண்டை, செதில்கள் கேடயம்போல் ஒன்றையொன்று முட்டி நிற்கும். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் கூம்புகளில் சாயமும் வார்னிஷும் அடித்திருப்பார்கள், அவற்றில் வடிவத்தை மட்டும் நம்புங்கள். வனத்துறை எல்லைக்குள் பொறுக்குவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

கிளையைப் பாதுகாக்க நினைத்தால், ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் உலரும்போது ஊசியெல்லாம் கொட்டிவிடும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, பிறகு செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்தால் உதிர்வது குறையும். முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும்.

லென்ஸ் போதாத இடத்தில்

பைன் என்று வந்த பிறகு எந்தப் பைன் என்பது லென்ஸில் பெரும்பாலும் தெரியாது. நுண்நோக்கி வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டையைத் தண்ணீரில் அது மூழ்கும்வரை வேகவைத்து, மையத்திலிருந்து பட்டைப் பக்கம் ஓடும் திசையில் மெல்லிய சீவல் எடுத்து, கிளிசரினில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். கிடைக்கீற்றின் (மையத்திலிருந்து பட்டைப் பக்கம் கிடையாக ஓடும் மெல்லிய அறைவரிசையின்) ஓர அறைகளில் சுவர் பல் பல்லாக நீட்டியிருந்தால் ஸ்காட்ஸ் பைன், சதர்ன் யெல்லோ பைன் போன்ற கடினப் பைன்கள். வழவழப்பாக இருந்தால் ஐந்து ஊசி வகை. டக்ளஸ் ஃபரில் நுண்ணிழையின் உட்சுவரில் ஸ்பிரிங் சுற்றியதுபோல் வரி ஓடும். லார்ச்சா டக்ளஸ் ஃபரா என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

வழக்கு, காப்பீடு, ஏற்றுமதி என்று எழுத்தில் பெயர் வேண்டுமானால் பெங்களூரு மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பலாம். இலையும் கூம்பும் உள்ள கிளையானால் கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. மாதிரியில் வைரப்பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். கணுவும் சாயமும் இருக்கக் கூடாது. சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவிவிடும்: கிடைத்த இடம், தேதி, முத்திரையில் இருந்த எழுத்துகள், நூறு கன சென்டிமீட்டர் எடை, பார்த்த வளையங்களின் எண்ணிக்கை. அதே கட்டையில் பாதியை அதே எண்ணிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அந்தப் பாதியில் பெயரை எழுதிவிட்டால், அடுத்த பலகையோடு ஒப்பிட உங்கள் கையில் ஒரு மாதிரி இருக்கும்.